புதன்கிழமை வரிசையில் முதல் விரல்

(சுகாதார நிலைய ஆய்வக நுட்புநர் திருமதி சாந்தாமேரி அவர்கள் பணி நிறைவு பெறும் நாளில், உடன் பணியாற்றுவோர் வாசித்தளிக்கும் மடல்)

சேர்வராயன் மலையில் பனி விலகும் முன்பே பணி தொடங்கும் பண்பின் பெட்டகமே, குத்தும் கையிலும் கனிவு குறையாத குணக்குன்றே, அன்பு சாந்தாமேரி அம்மா அவர்களே, வணக்கம்.

இன்னும் நான்கு அடைமொழிகள் வைத்திருந்தோம். "ஏனுங்க, நான் ரிட்டயர் ஆகறனா, இல்ல எனக்குச் சிலை தெறக்கறீங்களா?" என்று கேட்பீர்கள் என்பதால் அடித்துவிட்டோம். மடல் எழுதும் பொறுப்பு மருந்தாளுநர் பாலகுமாருக்கு வந்ததற்குத் தமிழ்ப் புலமை காரணமன்று. அதை முடிவுசெய்த கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவர் அவர் ஒருவரே.

முப்பத்தோராண்டுகள், கிளியூரிலிருந்தும் எஸ்டேட்டுகளிலிருந்தும் வந்தோரின் இரத்தமும் சளியும் உங்கள் கண்ணாடிச் சில்லின் மேல் உண்மையை உரைத்தன. அதை அரசு அறியும். நாங்கள் போற்ற வந்தது அரசு அறியாத ஒரு வரிசையை.

போதை ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் இரத்தத்தோடு ஏறி, ஓசையின்றிக் கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி நோயை விரல்நுனித் துளியில் கண்டறியலாம், மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் அடியோடு விரட்டலாம் என்று நீங்கள் சொல்லாத இடமில்லை. புதன்கிழமைதோறும் போதை ஊசி போட்டுக்கொள்வோருக்கெனத் தனி வரிசை வைத்தோம். வரிசை இருந்தது, ஆள்தான் இல்லை. "அதுல நின்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சுரும்க்கா" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். மறுவாரமே மருத்துவர், ஓட்டுநர் முருகேசன், வாயிற்காவலர் என்று எங்களையும் பிடித்து அதில் நிறுத்தினீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு யார் யாரென்று தெரியாது. முதல் வாரம் எங்களுக்கும் அதே சோதனை, பிறகு வாரந்தோறும் சர்க்கரைச் சோதனை. அந்தச் சாக்கில் முருகேசனுக்கு உண்மையாகவே சர்க்கரை கண்டுபிடித்து, அவருக்கும் ஜிலேபிக்கும் இருந்த உறவை அறுத்தீர்கள்.

அதே வரிசையில்தான், ஊசி மருந்துகளுக்கு நடுவே குடியிருக்கும் பாலகுமார், உங்கள் ஊசி விரலைத் தொட்டதும் வேரோடு சாய்ந்தார். தூக்கி உட்கார வைத்தவர், ஊசி பகிர்ந்தவர்களில் ஒருவராகச் சோதனைக்கு வந்து பின்னால் நின்ற ஆசிர்.

"ஏனுங்க சார், நாங்க போடறப்பகூட ஒருத்தனும் இப்படி விழுந்ததில்லீங்களே."

"சிரிக்காதீங்க கண்ணு. நாளைக்கு மாத்திரை அவருதான் குடுக்கோணும்" என்றீர்கள். அடுத்த புதன் வரிசை நீண்டது: பாதிப் பேர் சோதனைக்கு, மீதிப் பேர் பாலகுமார் மறுபடி விழுவாரா என்று பார்க்க. இரு சாராரின் விரலையும் நீங்கள் விடவில்லை.

அன்று நோய் இருப்பதாகத் தெரியவந்த ஆசிர், மாத்திரை முடித்து, நோய் நீங்கி, இன்று மற்றவர்களை நம்மிடம் அழைத்து வருகிறார். மடலில் தம் பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்றவரும் அவரே.

இன்னொருவர் பெயரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் மாலையோடு இறங்கி வந்து எங்கள் காதைத் திருகுவீர்கள். ஸ்வெட்டர் போட்டவர் என்று மட்டும் சொல்லலாம்; ஏற்காட்டில் அது எவரையும் காட்டிக்கொடுக்காது. ஆசிரோடு ஒரே ஊசியைப் பகிர்ந்தவர். புதன்தோறும் வாசல் கேட்டுக்கு வெளியே சவுக்கு மரத்தடியில் நிற்பார், போய்விடுவார். நீங்கள் கையசைப்பீர்கள், கூப்பிட மாட்டீர்கள். "அவங்களாத்தான் வரோணும்" என்பீர்கள்.

கோடை விழா முதலுதவிக்கு எங்கள் எல்லோரையும் அனுப்பியிருந்த ஒரு புதனன்று அவர் உள்ளே வந்தே விட்டார். வரிசையில் தாம் ஒருவர் மட்டுமே என்று கண்டார். நீங்கள் கையுறை மாட்டி நிமிர்வதற்குள் போய்விட்டார். மாலையில் திரும்பிய எங்களிடம், "ஒரு ஆளு நின்னிருந்தாப் போதுமுங்க" என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. உங்கள் ஊசி ஒருநாளும் அவ்வளவு வலித்ததில்லை.

நீங்கள் ஓய்வு பெறும் செய்தி பஜாரை எட்டியதும் அவர் ஆசிரிடம் கேட்டாராம்: "அக்கா போயிட்டாலும் அந்த வரிசை நிக்குமா?" ஆசிர் அதை அப்படியே எங்களிடம் கேட்டார். நேற்று நீங்களும் அதையே கேட்க நினைத்து, கேட்காமல், சோதனை அட்டைப் பெட்டிகளைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம்.

அம்மா, கரடியூர் வீட்டில், மிளகுக் கொடிகளின் நிழலில், புதன்கிழமையை வியாழக்கிழமை போலவே கழிக்கப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் இரத்தத்தில் சர்க்கரையும் எங்கள்மேல் கோபமும் ஏறாமல், உடல் உரத்தோடும் உள்ளம் மலர்ச்சியோடும் நெடுங்காலம் வாழ்ந்திருக்க வேண்டுகிறோம்.

ஆசிருக்கு உரிய பதிலை இம்மேடையிலேயே சொல்கிறோம். வரும் புதனும் வரிசை நிற்கும். முதல் ஆள் பாலகுமார். இடக்கை மோதிர விரல். விழுந்தால் பிடிக்க ஆசிர் இருக்கிறார். பின்னால் மருத்துவர், முருகேசன், காவலர். கோடை விழாவே வந்தாலும் ஒருவராவது நிற்போம். உங்கள் இடத்துக்கு வருபவருக்கு, கூப்பிடாமல் கையசைக்கக் கற்றுத்தருவோம். சவுக்கு மரத்தடியிலிருந்து பார்ப்பவருக்கு யார் யாரென்று தெரியாது.

பிரிவுக்குக் கண்ணீரும், புதனுக்கு விரலும் தரும்
வரிசையில் நிற்கும் ஊழியர்கள்,
ஏற்காடு.