ஆமைக்கு வேண்டிய சூடு

ஆமைக்குக் குளிரும் என்பது பலருக்குத் தெரியாது. ஓட்டுக்குள்தானே கிடக்கிறது, அதற்கென்ன என்பார்கள். ஓடு என்பது வீடு மாதிரிதான், போலீஸ் கொமிசேர் ஐயா. உள்ளே அடுப்பு எரியாவிட்டால் வீடும் சில்லிட்டுத்தான் கிடக்கும். ஆமை உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெயிலில் வாங்கி வைத்துக்கொள்வதுதான். மார்கழியில் அந்த வெயிலும் ஏது.

என் பெயர் குழந்தைவேல். செலியமேட்டில் ஏகநாதன் பண்ணைக் கரும்புக் கொல்லையில் கூலி. ஐப்பசி மழையில் உடைந்த வரப்பை அடைக்கப் போனபோது சருகுக்குள் அந்தக் கட்டாமை கிடந்தது. உள்ளங்கை அகலம், முதுகெல்லாம் மஞ்சள் கோடு. என் மனைவி தையலம்மாள் செத்த பிறகு வீட்டில் அசைகிற ஜீவன் வேறு இல்லை. எடுத்து வந்தேன்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். அடுத்த வீட்டுக் காசம்மாள் வாசலோடு நின்றுகொண்டாள். "ஆமய வூட்ல வச்சிகினு கீற. இனிமே உன் வூட்டுத் தண்ணிகூட நான் தொட மாட்டன்" என்றாள். மற்றவர்களும் வருவதை நிறுத்தினார்கள். முன்பும் அதிகம் பேர் வந்ததில்லை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மார்கழி பிறந்ததும் அது தின்பதை விட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் விடிந்து வெகுநேரமாகியும் நீட்டாது. உமி நிரப்பிய பானையில் வைத்தேன். கோணி சுற்றினேன். வெல்லம் காய்ச்சுகிற அடுப்பிலிருந்து சுடுசாம்பலைச் சட்டியில் அள்ளி வந்து பக்கத்தில் வைத்தேன். கோழி கூவுவதற்குள் எல்லாம் ஆறிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி ராமு சைகோனிலிருந்து வந்தான். அங்கே ஒரு வெள்ளைக்காரன் கிடங்குக்குக் காவல்காரன். மீசை முளைக்காத வயசில் போனவன், முன்மண்டை வழுக்கையோடு வந்தான். அவன் கடுதாசியை அடுத்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லக் கூசியே, தலை நரைத்த பிறகு நான் எழுத்துக் கற்றேன். கற்று முடித்தபோது கடுதாசி வருவது நின்றிருந்தது. இப்போது ஆளே வந்துவிட்டான். தை மாசத்துக் கப்பலில் திரும்ப வேண்டும் என்றான்.

ஆமையைப் பார்த்ததும் சிரித்தான். "இன்னா அண்ணே, அண்ணிக்குப் பதிலா இத்தக் கட்டிகினியா?" என்றான். அந்த வீட்டில் யாரும் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

வந்த வாரத்திலேயே அவனுக்கு முறைக்காய்ச்சல் கண்டது. சைகோனில் பிடித்தது, விட்டு விட்டு வருமாம். முதலில் பல்லைக் கிட்டும் குளிர். பிறகு உடம்பு அடுப்புக்கல் மாதிரி காயும். ஆஸ்பத்திரியில் ஒரு புட்டி கொயினா மாத்திரை கொடுத்தார்கள். இதைத் தின்றால் காய்ச்சல் நிற்கும், தின்னாவிட்டால் காய்ச்சல் ஆளைத் தின்னும் என்று என்னிடம் தெளிவாகவே சொன்னார்கள். எனக்குப் புரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அன்றிரவு அவன் காய்ந்துகொண்டிருந்தபோது, ஆமையைத் துணியில் சுற்றி அவன் விலாவோரம் கம்பளிக்குள் வைத்தேன். விடிந்ததும் பார்த்தால் தலை வெளியே நீண்டிருந்தது. கீரைத்தண்டை நீட்டினேன், கடித்தது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒருவனிடம் சூடு வேண்டிய மட்டுக்கும் மேலே இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஜீவனிடம் துளியும் இல்லை. மாத்திரையைக் கொடுத்தால் அந்தச் சூடு யாருக்கும் உதவாமல் போய்விடும். அதனால் புட்டியை உமிப்பானைக்கு அடியில் வைத்தேன். மருந்தைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள் என்று அவனிடம் சொன்னேன். வேப்பங்கொழுந்தை அரைத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கசப்பு கசப்புதானே. ராமு முகத்தைச் சுளித்துக்கொண்டு அடிமண்டி வரை குடித்தான்.

"இவ்ளோ கசக்குதுன்னா நல்ல மருந்துதான் அண்ணே" என்றான். என் பேச்சை அவன் எப்போதும் தட்டியதில்லை.

அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கொல்லை வேலைக்குப் போவதை விட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். கஞ்சி ஊட்டினேன். குளிர் வந்து உதறும்போது அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்தேன். நெற்றியில் ஈரத்துணி மட்டும் போடவில்லை. காய்ச்சல் ஏறினால் சைகோன் கதையெல்லாம் சொல்வான். அங்கே அவனுக்கு ஒரு பெண்பிள்ளையும் கைக்குழந்தையும் இருப்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. கடுதாசியில் அதை அவன் எழுதவில்லை.

காசம்மாள் வாசலில் நின்றபடியே, ஆமையைத் தூக்கிப் போடு, தம்பி பிழைத்துக்கொள்வான் என்றாள். ஊரும் ஆமையைத்தான் சொன்னது. நான் மறுத்துப் பேசவில்லை. ஆமையின் தரித்திரத்துக்குப் பயந்து ஒருவரும் உள்ளே வந்து பார்க்கவுமில்லை.

புட்டியை ஏன் தூர எறியவில்லை என்று கேட்டீர்கள். ரொம்ப முடியாமல் போனால் கொடுக்கலாம் என்றுதான் வைத்திருந்தேன். ஒருநாள் அவன் கண் மஞ்சளித்துப் போய், எழுந்து உட்கார முடியாமல் கிடந்தான். புட்டியை எடுத்துத் தக்கையைப் பிடுங்கினேன். மாத்திரை என் கையில் இருந்தது. அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"கப்பல் என்னிக்கு அண்ணே?"

"பொங்கலு கழிச்சிடா."

"அதுக்குள்ள எழுந்துடுவன் இல்ல?"

மாத்திரையைத் திரும்பப் புட்டியில் போட்டுத் தக்கையை அடைத்தேன். அந்த நேரம் கம்பளிக்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் சூட்டைப் பறிக்க எனக்கு மனசு வரவில்லை. அதுதான் காரணம். கப்பலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

போகிக்கு முன்னமே ராமு போய்விட்டான். மருந்து கைவசம் இருந்தும் நான் கொடுக்கவில்லை. கொடுக்காததால் என் தம்பி செத்தான். இதை என் கையாலேயே எழுதுகிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை.

அந்த ஆமையைக் கொண்டுவந்து காட்டு என்கிறீர்கள். அது என்னிடம் இல்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கே ஏரிக்கரையில் விட்டுவிட்டேன். பனி கொட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் தனி ஆள் ஐயா, ஒரு ஆமையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்.