கப்பல் எஞ்சின் நிற்காத மத்தியானம்

மத்தியானச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட வேண்டும் சார். எனக்கு இருக்கிற ஒரே பிடிவாதம் அதுதான். வீட்டில் கேட்டுப் பாருங்கள், வேறு எதற்கும் நான் குரலை உயர்த்தியதில்லை.

உக்கடத்தில் சென்னகிருஷ்ணன் ஜெனரேட்டர் ஒர்க்‌ஷாப் என்றால் யாரும் வழி சொல்வார்கள். என் பேச்சை நம்பித்தான் நஞ்சுண்டன் அண்ணன் அன்னூரில் இருக்கும் தன் கோழிக்குஞ்சு ஹேச்சரிக்கு அந்த எஞ்சினை வாங்கினார். உடைத்துப் போட்ட கப்பலிலிருந்து கழற்றிய டீசல் ஜெனரேட்டர். கப்பலில் இருந்தவரை கடல் தண்ணீரே அதைக் குளிர வைத்தது. இங்கே கடலுக்கு எங்கே போவது? எஞ்சின் ரூமை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் ஆழமாக ஒரு தொட்டி கட்டி, அதிலிருந்து தண்ணீர் இழுக்க விட்டேன். தண்ணீர் இடுப்பளவுக்குத்தான் நிற்கும். மேலே இரும்பு மூடி. இறங்க ஒரு ஏணி.

நன்றாகத்தான் ஓடியது. பிறகு நடுநடுவே தானாக நிற்க ஆரம்பித்தது. டீசல் ஃபில்டரை மாற்றினேன். குழாயில் காற்று ஏறுகிறதா என்று பார்த்தேன். ஆயில் பிரஷர் சரியாக இருந்தது. கடைசியில்தான் பிடிபட்டது. தொட்டியில் பாசி பிடித்துக் குழாயின் அடிவால்வை அடைத்துவிடும். தண்ணீர் வராமல் எஞ்சின் சூடாகும். சூடு ஏறினால் சென்சார் அதை நிறுத்திவிடும். ஒவ்வொரு தடவையும் ஒருவர் தொட்டிக்குள் இறங்கி வால்வைக் கழற்றிக் கழுவ வேண்டும். அதற்கு ஆபரேட்டர் ரவிக்குமார் இருந்தான்.

அவனைப் பற்றி நான் குறையே சொல்ல மாட்டேன். தங்கமான பையன். ஆனால் போன் செய்வான். எஞ்சின் நின்ற ஒவ்வொரு தடவையும் செய்வான்.

"ஏனுங்ணா, சாப்புட்டுட்டு இருக்கறீங்களா? நின்னுபோச்சுங்ணா."

நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பேன். என் மச்சினன் இறந்து பாடை கட்டிக்கொண்டிருந்தபோதும் கூப்பிட்டான். அன்றைக்குக்கூட மரியாதையாகத்தான் பேசினான். கோபப்பட இடமே கொடுக்க மாட்டான் சார், அதுதான் என்னை இன்னும் களைப்பாக்கியது.

"நீயே எறங்கிக் கழுவிப்போடு சாமி. எனக்கு எதுக்குப் போனு?" என்று கேட்டிருக்கிறேன்.

"உங்க காதுல போடாம எறங்கறதுக்கு மனசு ஒப்பலீங்ணா. நான் கீழ இருக்கறது யாருக்காச்சும் தெரியோணுமில்லீங்க."

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. புகைக்குழாயில் ஒரு விரிசல் இருந்தது. எஞ்சின் ஓடினால், தண்ணீர்க் குழாய் போகிற சுவர் ஓட்டை வழியாகப் புகை முழுக்கத் தொட்டிக்குள் இறங்கும். ஆள் உள்ளே இருக்கும்போது எஞ்சினைப் போடக் கூடாது என்று சொல்லி வைத்தவனே நான்தான். விரிசலை அடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உடம்பு ஒத்துழைக்கவில்லை.

ஒரு தடவை சென்சார் வயர் இரண்டையும் முறுக்கிச் சேர்த்துவிட்டேன். அப்படிச் செய்தால் எவ்வளவு சூடானாலும் எஞ்சின் நிற்காது. எனக்கும் போன் வராது. மறுநாளே அவன் பிரித்து விட்டிருந்தான். "சூடானா நிக்கோணுமில்லீங்ணா. பாவம், அதுவும் என்ன பண்ணும்?" என்றான். அன்று மத்தியானமே மறுபடி போன் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக் கேரியரோடு நானே போய்விட்டேன். அங்கேயே இருந்தால் போன் வராது இல்லையா. போன கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றது. ஊருக்குக் கரண்டும் இல்லை. மெஷினுக்குள் முட்டைகள் பொரியும் தறுவாயில் இருந்தன. ரவிக்குமார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினான். கொஞ்ச நேரம் கழித்து, "வாரேனுங்ணா" என்று குரல் கேட்டது.

எங்கள் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள் சார். வீட்டுக்குக் கிளம்புகிறவனும் வாரேன் என்றுதான் சொல்வான். அவன் ஷிப்ட் முடிகிற நேரம் வேறு. தினமும் அந்த நேரத்துக்கு எஞ்சின் ரூமில் தலையை நீட்டி அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் பொற்கொடியிடம், அதுதான் அவன் சம்சாரத்திடம், போவான். கிளம்பிவிட்டான் என்று நினைத்தேன். முதலில் உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். வார்த்தை அப்படி இருந்தால் நான் என்ன செய்ய முடியும்.

"செரி, போய்ட்டு வா" என்றேன்.

சென்சார் வயர்களை முறுக்கிச் சேர்த்தேன். முட்டைகளுக்காகத்தான். ஆடு மாடு விழுந்துவிடக் கூடாது என்று தொட்டி மூடியை இழுத்துப் போட்டேன். பக்கத்தில் அவன் செருப்பு கிடந்தது. மறந்துவிட்டுப் போயிருப்பான் என்று சுவரோரமாக ஒதுக்கி வைத்தேன். பிறகு எஞ்சினைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் கேரியரைத் திறந்தேன்.

வால்வு அவன் கையில் இருந்திருக்கிறது. எஞ்சினுக்குத் தண்ணீரே ஏறியிருக்காது. சென்சார் இருந்திருந்தால் சீக்கிரமே நின்றிருக்கும்; அவனும் மூச்சுப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பான். இதை நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். கடைசியில் அது சூட்டில் இறுகி நின்றபோது நான் மோர்ச்சோறு சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன் சார். பொற்கொடி புருஷனுக்கு எடுத்து வைத்த சோறு அவள் வீட்டில் அப்படியே இருந்தது என்று பிறகு சொன்னார்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தது.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். ரசத்தை ஊற்றும்போது போன் அடித்தது. ரவிக்குமார் பேர்தான் வந்தது. வழக்கம்போல எஞ்சின் நின்றுவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து நான் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்கிற வரைக்கும் எஞ்சின் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.