சேலைப்பெட்டி வீடு

"இந்த வீட்ல நீங்க எங்க தூங்குவீங்க?"

தொண்ணூறுகளின் கடைசியில், கண்ணமங்கலத்திலிருந்து ஆரணி போகும் காலை பஸ்ஸில் காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவள் எட்டு வயதுச் சிறுமி, பள்ளிச் சீருடையில். பக்கத்தில் ஒரு நடுவயதுக்காரர். அவர் மடியில், பட்டுச்சேலை அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டிய ஒரு வீடு. பசை இன்னும் காயவில்லை.

"நான் வாசல்ல படுத்துக்கிறேம்மா."

"மழ வந்தா?"

அவர் வீட்டைத் திருப்பி, உள்ளே இடம் தேடினார்.

நின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள், "உங்க பொண்ணாங்க?" என்றார்.

அவர் தயங்கினார். "இவங்க அம்மாவ போன மாசந்தாங்க கட்டிகினேன். எங்கூட பேசவே பேசாது. ஸ்கூலுக்கு வீடு செய்யணும்னு நேத்துதான் வந்து கேட்டுச்சு. நாள் பூரா ரெண்டு பேரும் ஒட்டிகினு இருந்தோம்."

சிறுமி பென்சிலை எடுத்து, வெறும் சுவரில் ஒரு சதுரம் வரைந்தாள்.

"இங்க வெட்டுங்க. இது உங்க ரூம் ஜன்னல்."

ஆரணியில் எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள். முதலில் இறங்கிய சிறுமி கீழே நின்று கத்தினாள்.

"அப்பா! வீட்ட சாய்ச்சிடாத!"

வீட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தவர் ஒரு நொடி படியிலேயே நின்றுவிட்டார்.

"தோ வந்துட்டேன் கண்ணு" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி.