நாலாவது போல்ட்

மெக்கானிக்: எழுந்திரிச்சு இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. இதுல சீட்டை வேற கழட்டச் சொல்ற.

மனைவி: எவ்வளவு தூரம்? கட்டிலுக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவுல என்ன கடலா இருக்கு? மெதுவா... இந்த முக்காலியில உக்காருங்க.

மெக்கானிக்: வாதத்துல வலது கை விழுந்துபோச்சு. மிச்சக் கையை வச்சுக்கிட்டு என்னத்தைக் கழட்ட? உன் தம்பியைக் கூப்பிடு.

மனைவி: அவன் வந்தா போல்ட்டோட சேத்துக் காரையே கழட்டிடுவான்.

மெக்கானிக்: ...அதுவும் சரிதான்.

மனைவி: சிரிச்சீங்க. பாத்துட்டேன்.

மெக்கானிக்: சிரிக்கல. இருமல்.

மனைவி: நாளைக்குக் கைப் பயிற்சிக்குப் போயே ஆகணும். இன்னும் தள்ளிப்போட்டா கை இப்படியே நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாடகைக் கார்னா மாட்டேங்கறீங்க...

மெக்கானிக்: எவனோ ஒருத்தன் என்னைக் கைத்தாங்கலாப் பிடிச்சு ஏத்தணுமா? ஊர்ல உள்ள வண்டியை எல்லாம் எழுப்பி விட்டவன் நான்...

மனைவி: அதான் இந்த வயசுல போய் லைசென்ஸ் வாங்கிட்டு வந்தேன். ஆனா சீட்டு உங்க கால் நீளத்துக்கே நின்னு துருப்பிடிச்சுப் போச்சு. எனக்குக் கிளட்ச் எட்டல. முதுகுக்கு ரெண்டு தலகாணி வச்சுப் பாத்தேன், அப்பவும் நுனிவிரல்தான் படுது.

மெக்கானிக்: தலகாணியா! அவசரத்துக்குப் பிரேக்கை மிதிச்சா நீ பின்னால போயிடுவ, வண்டி முன்னால போயிடும்.

மனைவி: அப்ப கழட்டுங்க.

மெக்கானிக்: சொன்னா கேக்கவா போற... சீட்டைத் தூக்கினாத்தான் அது நகர்ற பட்டையைச் சுத்தம் பண்ண முடியும். அடியில நாலு போல்ட் இருக்கும், பாரு.

மனைவி: நாலா... அப்படியா... ஆமா, இதோ.

மெக்கானிக்: முதல்ல கம்பி பிரஷ்ஷால துருவைத் தேய். ...ஏற்கெனவே தேச்ச மாதிரி இருக்கே?

மனைவி: காலையில ஷெட்டைக் கூட்டறப்போ அப்படியே லேசாத் தேச்சுவிட்டு எண்ணெயும் ஊத்தினேன்.

மெக்கானிக்: கூட்டறப்போ... சரி. கையில என்ன துணி சுத்தியிருக்க?

மனைவி: அடுப்புல சுட்டுக்கிச்சு. ஸ்பேனரைப் பிடிங்க.

மெக்கானிக்: ஒண்ணு சொல்லிடறேன். துருப்பிடிச்ச போல்ட் விடறப்போ ஒரு தடவை 'கிறீச்'னு கத்தும். உடைஞ்சுபோச்சோன்னு பயந்து கையை எடுத்துடாத. அது பிடியை விட்டுருச்சுன்னு அர்த்தம்.

மனைவி: சரிங்க வாத்தியாரே.

மெக்கானிக்: ...ம். சுத்துது.

மனைவி: பாத்தீங்களா! இடது கையாலேயே!

மெக்கானிக்: கத்தலையே.

மனைவி: எண்ணெய் நல்லா ஊறியிருக்கும். அடுத்தது... அடுத்தது...

மெக்கானிக்: இதுவும் சுத்துது.

மனைவி: ஒரு கைதான் விழுந்துச்சு, தொழில் விழலை. இப்ப மூணாவது... ஆங், அதுவும் வந்துருச்சு!

மெக்கானிக்: வெண்ணெயில குத்தி வச்ச மாதிரி வருது. நாலாவதைப் பாப்போம். ...ம்ஹும்.

மனைவி: கொஞ்சம் அழுத்தி...

மெக்கானிக்: அசையல. ஸ்பேனர்தான் வழுக்குது. விடு. மூணு கழண்டதே போதும்.

மனைவி: மூணு கழண்டு என்ன புண்ணியம்? நாலாவது பிடிச்சிருக்கிற வரைக்கும் சீட்டு நகராது. நாளைக்கு நீங்களும் நகர மாட்டீங்க.

மெக்கானிக்: என்னால முடியலம்மா...

மனைவி: என்னாலயும்தான் முடி... அது... உங்களால முடியும்னு சொல்ல வந்தேன். என்ன அப்படிப் பாக்கறீங்க?

மெக்கானிக்: ஒண்ணுமில்ல. அந்தச் சுத்தியலை எடு. போல்ட் தலையில தட்டு. இடிக்காத, தட்டு... தூங்கறவனை எழுப்பற மாதிரி. ம்... போதும். இப்ப அந்த இரும்புக் குழாயை ஸ்பேனர் பிடியில மாட்டு. நீளம் கூடினா பலம் கூடும்.

மனைவி: மாட்டிட்டேன். தளர்த்தவா?

மெக்கானிக்: இல்ல. இறுக்கணும்.

மனைவி: இறுக்கறதா! கழட்டத்தானே வந்தோம்?

மெக்கானிக்: ஒரு மயிரிழை இறுக்கினா உள்ள துரு உடையும். அப்புறம்தான் தளர்த்தணும். ரொம்ப நாளாப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதை ஒரே இழுப்புல இழுத்தா முறிஞ்சுடும்.

மனைவி: ஓ... அதான் வரலையா... வராதா!

மெக்கானிக்: உன் கையையும் என் கை மேல வை. இறுக்கு... விடு. இப்ப இந்தப் பக்கம்... இன்னும்... இன்னும்...

மனைவி: கத்திருச்சு! விட்டுருச்சு!

மெக்கானிக்: விட்டுருச்சு... ஆண்டவா... விட்டுருச்சு!

மனைவி: அழறீங்களா?

மெக்கானிக்: துரு கண்ணுல விழுந்துருச்சு. சீட்டைச் சாய்ச்சுப் பிடி. பட்டையை நல்லாத் தேய். எண்ணெய் விடு... இப்பத் தள்ளிப் பாரு.

மனைவி: நகருது... நகருதுங்க! இருங்க, திரும்ப மாட்டிடறேன்... இதோ, உக்காந்துட்டேன். கிளட்ச் எட்டுது. முழுப் பாதமும் எட்டுது! ரொம்ப நன்றிங்க.

மெக்கானிக்: நன்றியை நான் சொல்லணும். அந்தத் துணியை அவிழ்த்துக் கையைக் காட்டு.

மனைவி: எதுக்கு? அதான் சுட்டுக்கிச்சுன்னு...

மெக்கானிக்: துணி விலகினப்போ பாத்தேன், அடுப்பு சுட்டா உள்ளங்கையில வரிசையாக் கொப்புளம் வருமா? போல்ட் கத்தினப்போ நீ திடுக்கிடவே இல்ல. நான் சொல்றதுக்கு முன்னாடியே விட்டுருச்சுன்னு கூவின. ஏற்கெனவே கேட்ட சத்தம்தானே?

மனைவி: ...மூணை நானே கழட்டிட்டு, திரும்பவும் விரலாலேயே மாட்டி வச்சேன். முதல் மூணும் சுலபமா வந்தா உங்களுக்குத் தெம்பு வரும்னு. நாலாவதுக்கு நிஜமாவே நீங்க வேணும். எப்பத் தெரிஞ்சுது? இப்பவா?

மெக்கானிக்: மத்தியானம் நான் தூங்கறேன்னு கதவைச் சாத்திட்டு வருவியே, அப்பவே. போல்ட் மூணு தடவை கத்தினது என் காதுல விழுந்துச்சு. படுத்தபடியே கை தட்டணும் போல இருந்துச்சு, ஒரு கை வரல.

மனைவி: தெரிஞ்சுக்கிட்டே சுவரைப் பாத்துப் படுத்திருந்தீங்களா! எழுந்து வந்து உதவி இருக்கக் கூடாதா?

மெக்கானிக்: நீ கூப்பிடலையே... இனி உனக்கு நான் எதுக்கும் வேண்டாம்னு நினைச்சுட்டேன். அதான், அந்த நாலாவது ஒண்ணு மட்டும் உன் கைக்கு மசியக் கூடாதுன்னு ஆண்டவனை வேண்டிக்கிட்டே படுத்திருந்தேன்.