லார்க்யா கணவாயில் தொலைநோக்கியை எறிந்தது பற்றி

என் பெயர் ஜுனேலி குருங், வயது 36, க/பெ. தேக்பகதூர் குருங், கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். இருப்பது கோர்க்கா மாவட்டம் லாப்ராக் கிராமம். மலையேற வருபவர்களுக்குச் சுமை தூக்குவது என் தொழில். கார்த்திக் மாதம் 29ஆம் நாள் பேசிசஹரில் காவல் உதவி ஆய்வாளர் முன் ஆஜராகி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், நல்ல நினைவோடு கூறுவதாவது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆகவே எழுதுவதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

என்மேல் புகார் கொடுத்திருப்பது தீன்தாரா பயண நிறுவனம். நான்கு ஆண்டுகளாக அவர்களுக்குச் சுமை தூக்குகிறேன். அவர்கள் பதினேழு நாள் பயணம் ஒன்று நடத்துகிறார்கள். முதலில் மலையில் நடை, பிறகு திரிசூலி ஆற்றில் படகு, கடைசியில் சித்வன் காட்டில் காண்டாமிருகமும் பறவைகளும். இந்த முறை வந்தவர்கள் ஜெர்மன்காரர்கள் நான்கு பேர். வழிகாட்டி காத்மாண்டுவைச் சேர்ந்த நிராஜன் பஸ்நேத். சுமைக்கு என்னோடு சேர்த்து நான்கு பேர், நான்கு பேருக்கும் பட்டியலில் பெயர் உண்டு, காப்பீடும் உண்டு.

ஆற்றுக்கும் காட்டுக்கும் வேண்டிய சாமான்களை மலைக்குக் கொண்டுபோவதில்லை. அவை மாச்சாகோலாவில் ஜீப்பில் ஏறி, சாலை வழியாகவே ஆற்றங்கரை முகாமுக்குப் போய்ச் சேரும். நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் நடந்தது. கார்த்திக் 8ஆம் நாள் நாங்கள் மாச்சாகோலாவில் இறங்கியபோது ஜீப் வரவில்லை. கம்பெனி அதை வேறு ஒரு குழுவுக்கு அனுப்பிவிட்டதாக நிராஜன் சொன்னார். அதன் பிறகு ஆல்பிரெக்ட் என்ற விருந்தாளியின் சொந்தத் துடுப்பு, ஆற்றில் குளிராமல் இருக்க அவர் போடும் தடித்த ரப்பர் உடுப்பு, பறவை பார்க்கும் பெரிய தொலைநோக்கி, அதன் முக்காலி எல்லாவற்றையும் எங்கள் கூடைகளில் வைக்கச் சொன்னார்.

“சார், ஆத்துக்குப் போற துடுப்பு எதுக்கு மலையேறணும்? அதுக்கும் ஏதாவது வேண்டுதலா?” என்று கேட்டேன்.

“உனக்கு வாய்தான் நீளம் ஜுனேலி. தூக்குறதைத் தூக்கு” என்றார்.

நான்கு பேரால் முடியாது என்று நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். அதன் பிறகுதான் அவர் சந்தியில் லாரியிலிருந்து சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் பிர்மான் செபாங். திரிசூலிக்கு மேலே இருக்கும் ஊர்க்காரர், ஆற்றோரத்து வெயிலில் வளர்ந்தவர், அதுவரை பனியை மிதித்ததில்லை. காலில் கித்தான் செருப்பு. அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்தாயிற்றா என்று நிராஜனைக் கேட்டேன். நாளைக்கு ஆபீசுக்குப் போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொன்னார். அந்த நாளை இன்றுவரை வரவில்லை.

அதன் பிறகு எட்டு நாள் நடந்தோம். பிர்மான் அண்ணன் குள்ளமான ஆள், ஆனால் நாள் முழுவதும் பேச்சு, கேலி. ரப்பர் உடுப்பு அவர் கூடையில் மேலே கிடந்ததால் பார்க்கிறவர்களிடமெல்லாம் “கறுப்பா ஒருத்தரைத் தூக்கிட்டுப் போறேன், அவருக்கு நடக்க சோம்பல்” என்பார். சாமாகாவ்னில் அந்தத் துடுப்பைப் பார்த்த ஆல்பிரெக்ட், இது ஏன் இங்கே வருகிறது, வண்டியில் போகும் என்றுதானே சொன்னார்கள் என்று நிராஜனிடம் கேட்டார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு வரும். சாலை சரிந்துவிட்டது என்று நிராஜன் கூசாமல் சொன்னார். சாலை சரியவில்லை.

கார்த்திக் 16ஆம் நாள் சம்தோவில் பிர்மான் அண்ணன் இருமத் தொடங்கினார். பூண்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் யாரையும் கேலி செய்யவில்லை. நிராஜனிடம் போய் இவரைக் கீழே அனுப்ப வேண்டும், ஒருவர் துணைக்குப் போக வேண்டும் என்றேன்.

“கீழ ஊர்க்காரனுங்க எல்லாருக்கும் இப்படித்தான் இருமும். இருபத்தொண்ணாம் தேதி ஆத்துல படகு. ரெண்டு ஆளு குறைஞ்சா சாமானை யாரு, உங்கப்பனா தூக்குவான்?”

என் அப்பா இறந்து ஒன்பது ஆண்டாகிறது. சண்டை போட்டேன். பிர்மான் அண்ணனே குறுக்கே வந்து “விடு தங்கச்சி, நடந்துடுவேன்” என்றார். வேலை போய்விடும் என்ற பயம். தொலைநோக்கியை மட்டும் அவர் கூடையிலிருந்து எடுத்து என் கூடையில் வைத்துக்கொண்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று அன்று நினைத்தேன். அதற்கு மேலும் செய்திருக்கலாம் என்று இன்று நினைக்கிறேன்.

18ஆம் நாள் விடிந்ததும் லார்க்யா கணவாய்க்கு ஏறினோம். மற்ற மூன்று சுமையாட்களும் விருந்தாளிகளும் முன்னால் போய்விட்டார்கள். நான் பிர்மான் அண்ணனுக்குப் பின்னால் போனேன். எட்டு மணி வாக்கில் பனி கொட்டத் தொடங்கியது. அதன் பிறகு அவர் குடித்தவர் மாதிரி தள்ளாடினார், பத்து எட்டுக்கு ஒரு தரம் நின்றார். கணவாயின் உச்சியில் மந்திரக் கொடிகள் கட்டியிருக்கும் இடத்தில் கூடையோடு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. உதடு நீலம். துப்பியது இளஞ்சிவப்பாக நுரைத்து வந்தது. முதுகில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சோறு கொதிப்பது போல் சத்தம்.

நிராஜன் அங்கேயேதான் நின்றிருந்தார். மேகம் இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் வராது. வெயில் அடித்திருந்தாலும் இவருக்காக அவர் கூப்பிட்டிருக்க மாட்டார் என்பது என் கருத்து, இது கருத்து என்றே எழுதிக்கொள்ளவும். அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

“அவரு உக்காந்து இளைப்பாறிட்டு மெதுவா வரட்டும். நீ முதல்ல டெலஸ்கோப்பைக் கொண்டு இறக்கிடு. அப்புறம் ஏறி வந்து அவர் கூடையையும் எடுத்துக்க.”

“மனுசனை இங்க போட்டுட்டு மூட்டையை இறக்கச் சொல்றியா? நீ சோறுதானே திங்குற?” என்றேன். அதுவரை அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டேன்.

“கத்தாதே. டெலஸ்கோப்பு என் லிஸ்ட்ல இருக்கு. துடுப்பு இருக்கு. இந்த ஆளு எந்த லிஸ்ட்ல இருக்கான், காட்டு பார்ப்போம்.”

இதைச் சொல்லிவிட்டு, விருந்தாளிகள் குளிரில் காத்திருக்கிறார்கள் என்று இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் மலையில் நடக்க முடியாதவரை முதுகுக்கூடையில் உட்காரவைத்து, நெற்றிப்பட்டையில் தூக்கிப்போவது வழக்கம். பிரசவ வலி கண்டவர்களை நானே அப்படி இறக்கியிருக்கிறேன். கூடையில் ஆளை வைக்க வேண்டுமென்றால் கூடை காலியாக இருக்க வேண்டும். என் கூடையிலிருந்த துணி மூட்டைகளை எடுத்துக் கொடிகளுக்கு அடியில் அடுக்கினேன். அவை மறுநாள் ஒரு நூல் குறையாமல் கிடைத்துவிட்டன. அதன் பிறகு தொலைநோக்கிப் பெட்டியை எடுத்தேன். அதையும் அங்கேயே வைத்திருக்கலாம். இடம் இருந்தது. வைக்கவில்லை. என் கையாலேயே சரிவில் எறிந்தேன். உருண்டு போவதை நின்று பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

இந்த இடத்தில் உதவி ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு “எறிஞ்சேன்னு எழுதினா, உங்க மேல நீங்களே போட்டுக்கற வழக்கு இது. புரியுதா?” என்று கேட்டார். புரிகிறது, எழுதுங்கள் என்றேன்.

அதன் பிறகு பிர்மான் அண்ணன் கூடையிலிருந்த ரப்பர் உடுப்பையும் துடுப்பையும் எடுத்து, உடுப்பை என் இடுப்பு அரிவாளால் வெட்டினேன். அவர் செருப்பு நனைந்து விறைத்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு ரப்பரை இரண்டு காலிலும் முழங்கால்வரை சுற்றிக் கட்டினேன். துடுப்பின் பிடி, நாங்கள் நின்று மூச்சுவாங்கும்போது கூடைக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் கட்டை போலவே இருக்கிறது. அதை ஊன்றிக்கொண்டு அவரைத் தூக்கி இறங்கினேன். பனி உறைந்த சரிவு, செங்குத்து. கால் வழுக்கி இரண்டு இடத்தில் முழங்கால் குத்தி விழுந்தேன், கூடையை விடவில்லை. துடுப்பின் அகலமான பக்கம் பாறையில் பட்டு உடைந்தது. உடைந்ததை வைத்துக்கொண்டே இறங்கினேன். புகாரில் தொலைநோக்கி காணாமல் போனது, உடுப்பு வெட்டப்பட்டது, துடுப்பு உடைந்தது என்று சொல்லியிருப்பது மூன்றும் உண்மை.

காலைச் சுற்றினேன். கையை மறந்துவிட்டேன். அவர் வலது கை கூடையின் விளிம்பைப் பிடித்தபடி வெளியே இருந்திருக்கிறது. முன்னால் பார்த்து இறங்கிய எனக்குத் தெரியவில்லை. பரத்பூர் மருத்துவமனையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். கால் இரண்டும் பிழைத்தன. இந்த வழக்கில் என் குற்றம் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கைதான். அதைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லை.

பனி முடியும் இடத்தில் பிம்தாங் விடுதிக்காரர் லாக்பா குதிரையோடு எதிரே வந்தார். என் ஆட்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான்கு மணிக்கு விடுதியை அடைந்தோம். நிராஜன் அடுப்பருகே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது “பெட்டி எங்க?” ஆல்பிரெக்ட் ஓடிவந்து தன் இறகு அடைத்த குளிர்ச் சட்டையைக் கழற்றி பிர்மான் அண்ணனுக்குப் போர்த்தினார். வெட்டிய ரப்பரை அவர் பார்த்தார், தொலைநோக்கி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் குதிரையில் தாராபானிக்கும், அதற்கு மறுநாள் ஜீப்பில் இந்த ஊருக்கும், இங்கிருந்து பரத்பூருக்கும் அண்ணனைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். படகு குறித்தபடி 21ஆம் தேதி புறப்பட்டதாம். காண்டாமிருகமும் பார்த்தார்களாம்.

அதன் பிறகு அவர் கட்டிலருகே இருந்தேன். நுரையீரலில் இன்னும் நீர் இருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்து காப்பீட்டுக் காகிதம் கேட்டபோது, பிர்மான் செபாங் என்று எங்களிடம் யாரும் வேலை செய்யவில்லை, வழியில் யாரோ ஒருவரைப் பார்த்து இரக்கப்பட்டுத் தூக்கிவந்திருப்பாய் என்றார்கள். 27ஆம் தேதி என்மேல் புகார் வந்தது.

இன்று காலை இங்கே உள்ளே வருமுன், கம்பெனி மேலாளர் மைனாலி என்னை வாசலில் ஓரமாகக் கூப்பிட்டு ஒரு பை நிறைய ஆப்பிள் பழங்களைக் கையில் கொடுத்தார். பேச்சு தேனாக இருந்தது.

“கூடை சறுக்கி விழுந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிடும்மா. புகாரை நாங்க வாபஸ் வாங்கிக்கறோம். அடுத்த மாசம் உனக்கு வேலை ரெடி.”

“சறுக்கி விழுந்துச்சுன்னா, அண்ணனை எதுல தூக்கிட்டு வந்தேன்?” என்று கேட்டேன்.

“எந்த அண்ணன்?” என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. கூடை விழுந்துவிட்டது என்று நான் எழுதிக்கொடுத்தால் கூடையைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை, கூடையைக் காலி செய்யவில்லை என்றால் அதில் வைக்க ஆள் இல்லை. கையெழுத்துப் போட்டு அவரை நானே இல்லாமல் ஆக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆப்பிள் பையை அவர் காலடியில் கொட்டினேன். அதையும் புகாரில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தண்டனை எனக்கு எதுவானாலும் வரட்டும். எனக்கு ஒன்றுதான் வேண்டும். இவர்கள் பட்டியல் எதிலும் இல்லாத மனிதர், அரசாங்க முத்திரை விழும் இந்தக் காகிதத்திலாவது இருக்க வேண்டும். நான் குற்றத்தை ஒப்புக்கொள்வது அதற்காகத்தான். இதன் நகல் ஒன்று எனக்கு வேண்டும், பரத்பூருக்குக் கொண்டுபோக.

எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டியபோது ஓரிடத்தில் ‘உடன் வந்த சுமையாள் ஒருவர்’ என்று இருந்தது. அடிக்கச் சொன்னேன். அடித்து, நான் சொல்ல இவ்வாறு எழுதப்பட்டது: பிர்மான் செபாங், வயது 43, த/பெ. சன்தபீர் செபாங், சித்வன் மாவட்டம், தீன்தாரா நிறுவனத்துக்கு மாச்சாகோலா முதல் லார்க்யா கணவாய்வரை சுமை தூக்கியவர்.

இதில் உள்ளது யாவும் என் கண்முன் நடந்தது, என் கையால் செய்தது. எதுவும் சறுக்கி விழவில்லை.

(ஒப்பம்)
ஜுனேலி குருங்