முதல் பக்கத்துக் கவிதை

காலையில் காப்பியோடு எனக்கு ஒரு சிவப்புப் பேனாவும் வேண்டும். செய்தித்தாளில் பிழை கண்டால் சுழித்துவிட்டுத்தான் அடுத்த வாய் குடிப்பேன். அப்படிப்பட்ட நான், சுப்புலக்ஷ்மி, பதினோரு வருடம் நம் பள்ளி ஆண்டுமலருக்கு உதவி ஆசிரியையாகவே இருந்தேன். ஆசிரியர் ஓஸ்வால்ட் சார். நல்ல மனிதர், ஆனால் சந்திப்பிழை தெரியாது.

நிர்வாகக் குழுவினர் நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை.

1997 மலரின் முதல் பக்கத்தை ஓஸ்வால்ட் சார் ஒன்பதாம் வகுப்பு சங்கமித்ராவின் கவிதைக்குக் கொடுத்தார். ஈஜிபுராக் குடிசைப் பகுதிப் பெண். அவள் அம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் தெருப் பெருக்குகிறவள். அம்மா பெருக்கிவிட்டுத் திரும்பியதும் மரம் இன்னொரு இலையைப் போடும் என்று எழுதியிருந்தாள். என் புறநானூற்றுக் கட்டுரை நாற்பத்தோராம் பக்கத்துக்குப் போனது. அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. மலரின் தரத்துக்காகச் செய்தேன்.

அந்தக் கவிதையைப் பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் படித்திருப்பதாகத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் கன்னடக்காரர், தமிழ் படிக்க வராது, என்னை நம்பினார். பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நானேதான் எழுதுனேன் மிஸ். எங்கம்மாவப் பத்தி. எங்கம்மாவ வேற யாருக்கு மிஸ் தெரியும்?"

ஓஸ்வால்ட் சார் என் பக்கம் திரும்பினார். "அந்த புக்க கொண்டாங்க மேடம், பாத்துடலாம்."

"எடைக்குப் போட்டாச்சு சார்."

மறுநாள் பிரேயரில் அவள் மன்னிப்புக் கடிதம் வாசித்தாள். அதில் இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன. வாசிக்கும் முன்பே நான்தான் திருத்திக் கொடுத்தேன். கவிதை அச்சேறவில்லை, அவளும் அதன்பிறகு பள்ளிக்கு வரவில்லை. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஓஸ்வால்ட் சார் மலர் அலமாரியின் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் மலரின் ஆசிரியையானேன்.

அப்படியொரு பத்திரிகை இருக்கவே இல்லை. போதுமா? ஆனால் அதன்பிறகு வந்த மலர்களை எடுத்துப் பாருங்கள். ஒரு பிழை காட்டுங்கள், பார்ப்போம்.

2004 பொன்விழா மலரின் முதல் பக்கத்தில் என் பெயரில் வந்த கவிதை அவளுடையதுதான். அதையும் மறுக்கவில்லை. நல்ல கவிதை வீணாகக் கிடக்கலாமா? ஆனால் அப்படியே போட்டேன் என்று சொல்லாதீர்கள். 'என் அம்மா' என்றிருந்த இடங்களிலெல்லாம் 'எங்கள் தெருப் பெருக்குகிறவள்' என்று மாற்றினேன். அந்தப் பெண்ணிடம் இல்லாதது அந்த ஒரு நயம்தான்.