வராத ஃபோட்டான்கள்

பொறுமையாகச் சொன்னால் இயற்பியல் யாருக்கும் புரியும், இன்ஸ்பெக்டர். துரைராசுவுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அவன் என் ஆராய்ச்சி மாணவன். கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் தியாகராசனின் ஒரே மகன்.

ஒரு படிகத்தில் லேசர் ஒளியைச் செலுத்தினால் ஃபோட்டான்கள் ஜோடியாகப் பிறக்கும். பின்னிப் பிணைந்த ஜோடி. ஒன்றை என் அறையில் அளப்பேன். மற்றது அடுத்த அறையில் அவனிடம் போகும். என்னுடையது நெடுக்காக அதிர்ந்தால் அவனுடையது குறுக்காக அதிரும். எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அது முதன்முதலாகச் சரியாக வந்த அன்று திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வாங்கி வந்தான்.

நிலம் வேறு விஷயம். என் தங்கை மங்களாம்பிகையின் வைத்தியத்துக்காக அதை விற்க வேண்டியிருந்தது. குத்தகைதாரர் இருக்கும் நிலத்தை யாரும் வாங்குவதில்லை. மனு மேல் மனு போட்டேன். ஆட்சிகள் மாறின, சட்டம் உழுகிறவர் பக்கமே நின்றது. தியாகராசனுக்கு வயதாகிவிட்டது, அவரோடு முடியும் என்று காத்திருந்தேன். ஒருநாள் துரைராசு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அப்பாவுக்கு அப்புறம் குத்தகை எம்பேர்லங்க சார். எழுதிக் குடுத்துட்டோம். நிலம் போனா அவரு தாங்க மாட்டாரு."

நான் கோபப்படவில்லை. அவன் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒளியை உணரும் கருவிகளைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றுவோம். அது ஆவியாகி அறைக்காற்றை வெளியே தள்ளும், மூச்சுவிட ஆக்சிஜன் மிஞ்சாது என்பதால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனிடம், ஃபேன் அதிர்வில் அளவு கெடுகிறது, நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள் என்றேன். அவன் அறையிலிருந்த நைட்ரஜன் கலனின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்பதைச் சொல்லவில்லை. "சரிங்க சார்" என்றான். என் பேச்சில் அவனுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

சற்று நேரத்தில், என் பக்கத்து ஃபோட்டான்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருக்க, அவற்றின் ஜோடிகள் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஒளியின் பாதையில் அவன் சரிந்து கிடக்கிறான் என்று அர்த்தம். எழ நினைத்தேன். ஜோடிகள் மறுபடி வருமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்திருந்தால் ஓடியிருப்பேன். வரவில்லை. அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தியாகராசன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கடைசியில எம்புள்ள ரொம்பத் துடிச்சானுங்களா ஐயா?"

இல்லை, தூங்குவதுபோலப் போயிருப்பான் என்றேன். அவரிடம் நான் பொய் சொல்லவில்லை. வலிக்காது என்று படித்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். அவன்மேல் எனக்கு அவ்வளவு அக்கறை இருந்தது.